வேட்டை வழிகாட்டிக்கு வெற்றிலைத் தட்டு

துபாய் அல் குசைஸ் சீதாராமன் தன் வாழ்நாளில் கொசுவைத் தவிர எந்த உயிரையும் கொன்றவரில்லை. கேக் வந்தால் முட்டை போட்டதா என்று விசாரித்த பிறகே வாயைத் திறப்பார். பேக்கரிக்காரன் சத்தியம் செய்தாலும் ஒரு முறை முகர்ந்து பார்ப்பார். அப்படிப்பட்ட மனிதரிடம்தான் வேட்டை சஃபாரி கிளம்பும் தமிழர்கள் முதலில் யோசனை கேட்கிறார்கள். எந்த வண்டி, எந்த முகாம், எந்தப் பறவை என்பதெல்லாம் அவருக்கு அற்ப விஷயங்கள். அவருடைய துறை வேறு. வேட்டை முடிந்து எல்லாரும் இறங்கும்போது வழிகாட்டி ஒருவன் வண்டிக் கதவைப் பிடித்துக்கொண்டு பல்லைக் காட்டியபடி நிற்பானே, அந்த அரை நிமிடம்தான் அவருடைய துறை.

வேட்டை என்றதும் ரத்தம், துப்பாக்கி என்று யாரும் பயந்துவிட வேண்டாம். அங்கே சட்டம் கடுமையானது. நினைத்தவர் நினைத்ததைச் சுட முடியாது. ஆகவே சுற்றுலாக்காரர்களுக்கான வேட்டையில் வேட்டையாடப்படுவது கயிற்றில் கட்டிய ஓர் இறகு மூட்டை. வழிகாட்டி அதைத் தலைக்கு மேல் சுழற்றுவான். ராஜாளி பாய்ந்து வந்து அமுக்கும். கூலியாக ஒரு துண்டு காடை இறைச்சியை வாங்கி விழுங்கிவிட்டு, கண்ணை மறைக்கும் தோல் குல்லாயை மாட்டிக்கொண்டு ஓய்வெடுக்கும். சுற்றி நின்ற குடும்பங்கள் சிங்கத்தை வீழ்த்திய களைப்போடு ஹம்மூஸ் சாப்பிடப் போகும். இந்த ஏற்பாட்டில் செய்த வேலைக்குக் கையோடு கூலி பெறுவது ராஜாளி மட்டும்தான். அதற்கு யாரும் காலண்டர் கொடுப்பதில்லை.

வழிகாட்டிக்குக் காசுக்குப் பதில் காலண்டர் கொடுப்பார்கள். அந்த வழக்கத்தைத் தொடங்கிவைத்த பெருமை சீதாராமனுக்கே உரியது.

ஷார்ஜாவில் ஏசி குழாய் செய்யும் கம்பெனி ஒன்றில் அவர் நிதி மேலாளர். பூர்வீகம் திருச்சி. குளிர்காலம் வந்தால் ஊரிலிருந்து உறவினர்கள் இறங்குவார்கள். இறங்கியவர்களைப் பாலைவனத்துக்கு ஓட்டிப்போய்க் காட்டுவது அவர் வீட்டுக் கடமை. போகப் போகத்தான் அந்தக் கொள்கை அவருக்குள் முதிர்ந்தது. "டிப்ஸ் குடுத்தா அவன் நம்ம வேலைக்காரன் ஆயிடறான் சார். பொருள் குடுத்தா சிநேகிதன் ஆயிடறான்" என்பார். வேலைக்காரர்கள் வேண்டாம், சிநேகிதர்களே வேண்டும் என்று தீர்மானித்துவிட்ட அவர், விமானத்தில் இலவசமாகத் தந்த கண்மறைப்புத் துணி, ஹோட்டல் ஷாம்பூ, கம்பெனி பெயர் அச்சடித்த தொப்பி, மகள் ஸ்வாதியின் வார் அறுந்த புத்தகப் பை, ஊரிலிருந்து வந்து நமுத்துப்போன முறுக்கு என்று வாரி வாரி வழங்கினார். ஒருமுறை தமிழ்ச் சங்கத்துக்காரர்கள் 'பாலையும் கொடையும்' என்ற தலைப்பில் அவரைப் பேசவிட்டுப் பொன்னாடை போர்த்தினார்கள். அடுத்த வாரமே அந்தப் பொன்னாடை ஒரு சூடானிய வழிகாட்டியின் தோளில் ஏறியது. அவர் அதை என்ன செய்வது என்று தெரியாமல் ஒட்டகத்துக்குப் போர்த்தினார். ஒட்டகம் ஆட்சேபிக்கவில்லை.

இந்தக் கொடைகளில் பெரும்பகுதியைச் சில வருடங்களாகப் பெற்றுவந்தவர் அமான் கான் என்ற வழிகாட்டி. தாடி, கறுப்புக் கண்ணாடி, நீண்ட சட்டை, அதன்மேல் கை வைக்காத கோட்டு. இந்தியில் மட்டுமே பேசுவார். பெஷாவர் பக்கம் என்று சொல்லிக்கொள்வார்.

அவருடைய உண்மைப் பெயர் அம்மையப்பன். ஊர் காளையார்கோவிலுக்குப் பக்கம்.

இவரை நல்லவர் என்று யாரும் முடிவு கட்டிவிடக் கூடாது. முகாமில் உள்ள ராஜாளிகள் எல்லாவற்றுக்கும் சுல்தான் என்றே பெயர் வைத்திருந்தார். கேட்கிறவரின் சட்டையைப் பார்த்துப் பறவையின் விலையை ஏற்றி இறக்குவார். தானே அந்தப் பறவையை மலையுச்சியில் ஏறிப் பிடித்ததாக ஒரு கதை சொல்வார். அது பண்ணையில் பிறந்து அட்டைப்பெட்டியில் வந்த பறவை. ஆனால் தமிழை அவர் கைவிட்ட காரணம் மட்டும் நியாயமானது.

சோனாப்பூர் தொழிலாளர் கேம்ப்பில் கட்டட வேலைக்காரராக இருந்து, பிறகு வேட்டை முகாமுக்குப் பறவைகளைப் பார்த்துக்கொள்ள வந்தவர் அவர். முதல் குளிர்காலம் முழுக்க அம்மையப்பனாகவே இருந்து பார்த்தார். தமிழ் விருந்தாளிகள் வண்டியில் ஏறுவார்கள். "தம்பி தமிழா! அட, நம்ம ஊரு!" என்று முதுகில் தட்டுவார்கள். எந்த ஜில்லா, எந்தத் தாலுகா என்று ஆரம்பித்து, எந்தத் தெரு என்பதுவரை சுற்றி வளைத்துக் கேட்டு, தங்களுக்கு வேண்டியதைத் தெரிந்துகொள்வார்கள். பேரப்பிள்ளை ஆடிய நாட்டியத்தை போனில் காட்டுவார்கள். சாயங்காலம் இறங்கும்போது கட்டிப்பிடித்துக்கொள்வார்கள். அவ்வளவுதான். கஜகஸ்தான்காரரும் ஜெர்மன்காரரும் சட்டைப்பைக்குள் கைவிடுகிற இடத்தில் நம்மவர்கள் பாசத்துக்குள் கைவிட்டார்கள். "நம்ம ஊர்ப் பையனுக்குப் போய் காசு குடுக்கறதா? தப்பா நெனைச்சுக்குவான்" என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டு போனார்கள். அவன் தப்பாகத்தான் நினைத்தான். குளிர்காலம் முடிவதற்குள் தாடி வைத்துக்கொண்டான். கான் ஆனபிறகு நம்மவர்கள் அவரைக் கட்டிப்பிடிப்பது நின்றது. காசு வராவிட்டாலும் முறுக்காவது வந்தது. அவர் இந்தி பேசிய அழகை ஒரு நிஜப் பட்டாணியர் கேட்டிருந்தால் அழுதிருப்பார். ஆனால் தமிழர்களிடம் அந்த ஆபத்து இல்லை.

இனி சீதாராமனின் வாழ்க்கையில் பெரிய சோதனை வந்த தை மாதத்துக்கு வருவோம்.

ஸ்வாதிக்கு வரன் வந்திருந்தது. மாப்பிள்ளை ஆதித்யா பெங்களூரில் கம்ப்யூட்டர் உத்தியோகம். அப்பா முரளிதரன் கோயம்புத்தூரில் தண்ணீர் மோட்டார் செய்கிற தொழிலதிபர். அம்மா பிருந்தா. மூவரும் "சும்மா துபாய் பாக்கலாம்னு" ஒரு வாரம் வந்திருந்தார்கள். ஜாதகம் முன்பே பொருந்திவிட்டது. பையனும் பெண்ணும் முதல் நாள் சாயங்காலமே மாலில் ஒரு காபி குடித்துவிட்டுச் சம்மதம் சொல்லிவிட்டார்கள். மிச்சமிருந்தது முரளிதரன் வாயிலிருந்து வரவேண்டிய ஒரு வார்த்தை.

அது வரவில்லை. "பாத்துட்டுச் சொல்றமுங்க" என்பதற்கு மேல் அவர் எதற்கும் போகமாட்டார். காபி வேண்டுமா என்று கேட்டாலும் அதைத்தான் சொன்னார். சொல்லிவிட்டுக் குடித்தார். கொடுத்த எதையும் அவர் மறுத்ததில்லை. பேரீச்சம்பழம், அத்தர், சூட்கேஸ், சூட்கேஸுக்குள் போட இன்னொரு சூட்கேஸ், எல்லாவற்றுக்கும் கை தானாக நீண்டது. வார்த்தைதான் நீளவில்லை. சீதாராமன் அவரைச் 'சம்பந்தி' என்று அழைத்துப் பார்த்தார். அந்த ஒரு சொல்லின்போது மட்டும் முரளிதரனுக்குக் காது கேட்காது.

சனிக்கிழமை பிருந்தா பேச்சுவாக்கில், "திருப்பூர்ல ஒரு பொண்ணு பாத்து வெச்சிருக்கறமுங்க, பனியன் கம்பெனிக்காரங்க" என்று ஒரு குண்டைப் போட்டார். திங்கட்கிழமை அவர்களுக்கு விமானம். வார்த்தை கொடுக்காமல் விமானம் ஏறிவிட்டால் சம்பந்தம் திருப்பூரில் போய் இறங்கிவிடும் என்பது சீதாராமனுக்கு விளங்கிவிட்டது. கையில் மிச்சமிருந்தது ஞாயிற்றுக்கிழமை. ஞாயிற்றுக்கிழமைக்கு வேட்டை சஃபாரி பதிவு செய்திருந்தது.

அன்று காலை சமையலறையில் கூட்டம் கூடியது.

"இன்னிக்கு கான் பாய்க்கு என்ன குடுக்கறதுங்கறதுலதான் எல்லாம் இருக்கு சுசீலா" என்றார் மனைவியிடம். "ஜாஸ்தி குடுத்தேன்னு வை, 'ஓகோ, வழிகாட்டிக்கே இவ்வளவு வீசறான், பொண்ணுக்கு எவ்வளவு செய்வான்'னு கல்யாணச் செலவை ஏத்திடுவார். கம்மியா குடுத்தா, கஞ்சன் வீட்ல பொண்ணு எதுக்குன்னு திருப்பூருக்குப் போயிடுவார்."

"அப்பா, ப்ளீஸ்" என்றாள் ஸ்வாதி. "ஹி இஸ் டூயிங் ஹிஸ் ஜாப். டிப்ஸ் குடுங்க, முடிஞ்சுது. வொய் இஸ் திஸ் எ மீட்டிங்?"

"உனக்கு இதெல்லாம் புரியாது. நீ உள்ள போய் நல்ல சுடிதாரா எடுத்து வை."

யோசித்தார். யோசித்து, பல வருட ஆராய்ச்சியின் சிகரத்தைத் தொட்டார். கண்ணுக்குப் பெரிதாகத் தெரிய வேண்டும். எண்ணிப் பார்க்க முடியாததாக இருக்க வேண்டும். மரியாதை என்று சொல்லிக்கொள்ள வசதியாக இருக்க வேண்டும். நகைக்கடைத் திறப்பு விழாவில் இலவசமாகத் தந்த வெள்ளி முலாம் தட்டு ஒன்று அலமாரியில் இருந்தது. அதில் வெற்றிலை, பாக்கு, வாழைப்பழம், ஒரு தேங்காய், ஒரு புதுத் துண்டு.

சுசீலா திகைத்துப் போனார். "ஏங்க, தட்டுல வெத்தலை பாக்கு வெச்சா வெளியாளுக்குக் குடுப்பாங்க? அதுவும் மாப்பிள்ளை வீட்டுக்காரங்களைப் பக்கத்துல வெச்சுக்கிட்டு?"

"அதுக்காகத்தான்டி குடுக்கறதே. ஒரு வண்டிக்காரனுக்கே இந்த வீட்ல தட்டு வெச்சு மரியாதை பண்றாங்க, நம்மளை எப்படி வெச்சுக்குவாங்கன்னு அவர் யோசிக்கணும். கான் பாய்க்கு வெத்தலையோட அர்த்தமெல்லாம் என்ன தெரியும், பெஷாவர்க்காரன்."

கான் பாய் சரியான நேரத்துக்கு வண்டியோடு வந்தார். சலாம் வைத்தார். மனதுக்குள் குடும்பத்தை எடை போட்டார். சீதாராமனை ஏற்கெனவே எடை போட்டு முடித்திருந்ததால் புது ஆட்களை மட்டும் பார்த்தார். முரளிதரன் பாலைவனத்துக்கு கோட்டு போட்டு வந்திருந்தார். பிருந்தாவின் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அது இந்திய நேரத்தில் ஓடிக்கொண்டிருந்தது. "ஒரு வாரத்துக்கு மாத்துனா மறுபடி மாத்தோணுமில்லீங்க" என்று அதற்கு அந்த அம்மாள் காரணம் சொல்லிக்கொண்டிருந்தார்.

தார்ச்சாலை முடிந்த இடத்தில் நிறுத்தி, மணலில் ஓடுவதற்காக டயர்களில் காற்றைக் குறைத்துவிட்டு அவர் ஏறி உட்கார்ந்தார். வண்டிக்குள் பேச்சு அவரைப் பற்றியே இருந்தது. பேசியவர்கள் சிரமமே இல்லாமல் தமிழில் பேசினார்கள்.

"ஏனுங்க சார், இந்தப் பாய்க்குக் கடைசீல ஏதாச்சும் குடுக்கோணுங்ளா?" என்றார் முரளிதரன்.

"கட்டாயம் இல்லை சம்பந்தி. ஆனா ஒரு முறை இருக்கு. கையில காசைத் திணிக்கறது நாகரிகமே இல்லை. இவங்கெல்லாம் மானஸ்தர்கள். பொருளாத்தான் குடுக்கணும்."

கான் பாய் வண்டியை ஒரு மணல் மேட்டில் ஏற்றி மறுபக்கம் விட்டார். பின்சீட்டில் பிருந்தா, "மருதமலை முருகா!" என்றார்.

"நாங்க எங்க கம்பெனில தீபாவளிக்கு பசங்களுக்கு ஸ்வீட் குடுப்பமுங்க" என்றார் முரளிதரன், வயிற்றைப் பிடித்துக்கொண்டு. "அரைக் கிலோ குடுத்துட்டு இருந்தமுங்க. கெட்டுப் போறானுகன்னு கால் கிலோ ஆக்கிட்டனுங்க. சர்க்கரை ஒடம்புக்கு ஆகாதில்லீங்க."

இன்னும் பெரிய மேடு ஒன்று வழியில் இல்லை. கான் பாய் வழியை விட்டு விலகிப் போய் ஒன்றைக் கண்டுபிடித்தார்.

"இவன் முகத்தைப் பார்த்தா போன தடவை குடுத்த முறுக்கு ரொம்பப் புடிச்சிருக்கும்போல" என்றார் சீதாராமன், கூரையில் தலை இடித்துக்கொண்டே. "அச்சா ஹை, கான் பாய்? முறுக்கு அச்சா?"

"பஹுத் அச்சா சாப்" என்றார் கான் பாய், பல்லைக் கடித்துக்கொண்டு. அந்த முறுக்கை அவர் சலூக்கி வேட்டை நாய்களுக்குப் போட்டிருந்தார். அவை இரண்டு நாள் அவரை நம்பவில்லை.

வேட்டை நடந்தது. சுல்தான்களில் ஒரு சுல்தான் பறந்து வந்து இறகு மூட்டையை அமுக்கியது. சைவக் குடும்பங்கள் இரண்டும் அது இறைச்சி தின்றபோது நாகரிகமாக வேறு பக்கம் பார்த்தன. முரளிதரன் தோல் கையுறை மாட்டி ராஜாளியைக் கையில் ஏந்தி, ஒரு நாட்டை வென்றவர் மாதிரி போட்டோவுக்கு நின்றார். ராஜாளி அவர் கோட்டில் எச்சமிட்டது. "அதிர்ஷ்டம்ங்க!" என்று சீதாராமன் தன் கைக்குட்டையால் துடைத்தார். துடைத்த சூட்டோடு, "அப்போ நம்ம விஷயம்..." என்று இழுத்தார்.

"பாத்துட்டுச் சொல்றமுங்க."

சற்றுத் தள்ளி ஆதித்யாவும் ஸ்வாதியும் நாய்களோடு விளையாடிக்கொண்டிருந்தார்கள். "உங்கப்பா எப்பதான் சொல்வாரு?" என்று அவள் கேட்டாள். "எங்கப்பா இதுவரைக்கும் எந்த கொட்டேஷனுக்கும் ஓகே சொன்னதே இல்ல ஸ்வாதி" என்றான் அவன். "எதிராளி சலிச்சுப்போய் வேலையை ஆரம்பிச்சிருவான். எங்க வீட்டையே அப்படித்தான் கட்டினாங்க."

திரும்பும் நேரம் வந்தது. வண்டி முகாம் வாசலில் நின்றது. கான் பாய் கதவைப் பிடித்துக்கொண்டு பல்லைக் காட்டினார். சூரியன் சாய்ந்துகொண்டிருந்தது. சீதாராமன் தொண்டையைச் செருமினார்; சுசீலா வண்டியின் பின்பக்கத்திலிருந்து தட்டை எடுத்து வந்தார். தேங்காய் நடுவில் நிற்க, வெற்றிலை வாடாமல் இருக்கத் தெளித்த தண்ணீர் பளபளக்க, தட்டு தகதகவென்றிருந்தது. முரளிதரன் புருவம் உயர்ந்தது. சீதாராமன் அதைக் கண்டார். தன் வாழ்நாள் ஆராய்ச்சி வென்றதாகவே நினைத்தார்.

"கான் பாய், யே ஹமாரா ரெஸ்பெக்ட்" என்று, முரளிதரனுக்கும் கேட்கும்படி உரக்கச் சொல்லி, இரண்டு கையாலும் தட்டை நீட்டினார்.

அம்மையப்பன் வாங்கிக்கொண்டார். தேங்காயைப் பார்த்தார். துண்டைத் தூக்கி அடியில் பார்த்தார். வெற்றிலையை விலக்கிப் பார்த்தார். அடியில் தட்டுதான் இருந்தது. அதில் நகைக்கடையின் தொலைபேசி எண் இருந்தது. தாடி வைத்த நாளிலிருந்து அடக்கிவைத்திருந்த ஏதோ ஒன்று அவருக்குள் அறுந்தது. அப்படியே அரை வட்டம் திரும்பினார். பக்கத்தில் நின்ற முரளிதரனிடம் தட்டை நீட்டி, சுத்தமான தமிழில், சபைக்குக் கேட்கிற குரலில் சொன்னார்:

"பொண்ணு வீட்டுத் தட்டு. கெழக்காமப் பாத்து வாங்கிக்கங்க ஐயா."

முரளிதரன் அறுபது வயதுவரை யார் எதை நீட்டினாலும் வாங்கிப் பழகிய மனிதர். என்ன ஏது என்று மூளை கேட்பதற்குள் கைகள் நீண்டுவிட்டன. வாங்கியது மட்டுமல்ல, சூரியன் கண்ணைக் கூசவைத்ததால் தானாகவே கிழக்கே திரும்பியும் நின்றார்.

முதலில் சுதாரித்தவர் சுசீலா. சீதாராமன் கணக்குப் போடுகிற ஆள்; சுசீலா காரியம் முடிக்கிற ஆள். முகாம் வாசலில் காபிக்கு வைத்திருந்த சர்க்கரைக் கிண்ணத்தை எட்டி எடுத்து, ஒரு சிட்டிகையை பிருந்தாவின் வாயில் போட்டுவிட்டு, "சந்தோஷம் சம்பந்தி!" என்றார்.

"அய்யோ, என்னுங்க இது!" என்று பிருந்தா சர்க்கரையோடு அலறினார். "தட்டு மாத்தற நேரமுங்களா இது? ஞாயித்துக்கெழமை, அஞ்சரை மணி! ராகு காலமுங்க!"

"உங்க கையைப் பாருங்க" என்றார் சுசீலா. "ஏழு. ராகு காலம் ஆறோட போச்சு."

"அது நம்மூரு நேரமுங்க!"

"மாப்பிள்ளை எந்த ஊரு?"

பிருந்தா தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். ஒரு வாரமாக மாற்றாமல் சேமித்து வைத்திருந்த நேரம் அவரைக் கைவிட்டது.

முரளிதரன் தட்டைப் பிடித்தபடியே நின்றார். கீழே வைக்கவும் முடியவில்லை. திருப்பிக் கொடுக்கவும் முடியவில்லை. வாங்கிய தட்டைத் திருப்பிக் கொடுத்தால் சம்பந்தம் வேண்டாம் என்று ஊரறியச் சொல்வதாகும். பிறகு கோயம்புத்தூரிலிருந்து திருப்பூர்வரை அந்தப் பேச்சுத்தான் முன்னால் போகும். "நான் பாத்துட்டு..." என்று ஆரம்பித்தார்.

"அப்பா" என்றான் ஆதித்யா, கிட்டே வந்து. "ஒரு வாரமா பாத்துட்டீங்க. அந்தத் தட்டைக் கீழ வெச்சீங்கன்னா நாளைக்கு நீங்களும் அம்மாவும் ரெண்டு சூட்கேஸும் மட்டுந்தான் பிளைட் ஏறுவீங்க. நான் வரமாட்டேன்."

முரளிதரன் மகனைப் பார்த்தார். தட்டைப் பார்த்தார். விரலால் விளிம்பைச் சுண்டி ஓசை கேட்டார். "வெள்ளீங்ளா?"

"வெள்ளி மாதிரி" என்றார் சீதாராமன். உலகம் கவிழ்கிற நேரத்திலும் அவர் பொய் சொல்வதில்லை, பாதிதான் சொல்வார்.

"செரீங்க" என்றார் முரளிதரன். வாய்க்கால் ஓர நிலத்தைப் பாதி விலைக்கு எழுதிக் கொடுத்தவரின் குரல் அது. "செரீங்க சம்பந்தி."

ஸ்வாதி, "ஃபைனலி!" என்றாள். பிருந்தா வாயில் மிச்சமிருந்த சர்க்கரையை விழுங்கினார். அந்தச் சந்தோஷத்தில்தான் எல்லாருக்கும் ஒரே நேரத்தில் உறைத்தது.

"கான் பாய்!" என்றார் சீதாராமன். "நீ தமிழா?"

"ஆமாங்க. அம்மையப்பன். காளையார்கோவில்."

"அடப்பாவி! இத்தனை வருஷமா! நம்ம ஊரு!" சீதாராமன் இரு கைகளையும் விரித்துக்கொண்டு முன்னால் வந்தார்.

"அட, நம்மூருப் பையனுங்ளா!" என்று முரளிதரனும் தட்டோடு நகர்ந்தார். செலவில்லாத காரியத்தில் அவர் என்றும் பின்தங்கியதில்லை.

அம்மையப்பன் இரண்டடி பின்னால் போய், வண்டிச் சாவியைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டார். "இருக்கட்டும், அங்கனயே நில்லுங்க. கட்டிப்பிடிக்கிறதெல்லாம் வேணாம். எனக்கு டிப்ஸும் வேணாம். டிப்ஸுங்கிறது உங்க இஷ்டம்; குடுத்தாக் குடுப்பீக, குடுக்காட்டிப் போவீக. முறுக்கு குடுத்தாலும் வாங்கித்தான் ஆகணும். நான் கேக்குறது தரகு."

"தரகா?"

"பொண்ணு வீட்டையும் மாப்பிள்ளை வீட்டையும் ஒரே வண்டியில ஏத்துனது யாரு? தட்டை எடுத்துக் குடுத்தது யாரு? கெழக்கே பாக்கச் சொன்னது யாரு? ரெண்டு வீட்டுலயும் தரகு குடுக்கணும். ஊர்ல என்ன வழக்கமோ அதைக் குடுங்க. நான் கூட ஒரு காசு கேக்கலை."

வழிகாட்டிக்கு என்ன கொடுக்கலாம் என்பதற்குச் சீதாராமனிடம் ஆயிரம் விதிகள் இருந்தன. கல்யாணத் தரகருக்கு விதி ஒன்றே ஒன்றுதான். அதை அவர் எழுதவில்லை, மாற்றவும் முடியாது. மோட்டார் விற்றவனைக் காசுக்குக் கால் ஆண்டு கழித்து வரச் சொல்வார்கள், மேஸ்திரிக்குப் பாக்கி வைப்பார்கள், டாக்டரிடம் பேரம் பேசுவார்கள். தாலி கட்டுகிற வரை தரகரின் முகம் கோணவிட மட்டும் நம்மவர்களில் ஒருவருக்கும் துணிச்சல் கிடையாது.

"கான் பாய்... அம்மையப்பா... ஒரு நல்ல காலண்டர் இருக்கு" என்று மெல்லிய குரலில் ஆரம்பித்தார்.

"வாயை மூடுங்க!" என்று கத்தியது சுசீலா அல்ல, பிருந்தா. "என்ர பையன் கல்யாணத்துல தரகுக்காரன் வயித்தெரிச்சல் விழுகோணுங்ளா? ஏனுங்க, நீங்களும் நின்னுட்டு இருக்கறீங்க! தட்டை என்ர கிட்டக் குடுத்துட்டு பர்ஸை எடுங்க!"

இரண்டு தகப்பன்மார்களும் வண்டியின் இரண்டு பக்கத்துக்குப் போனார்கள். ஒருவர் எடுப்பதை ஒருவர் பார்க்கக் கூடாது என்று முதுகைத் திருப்பிக்கொண்டார்கள். அம்மையப்பன் முதலில் பெண் வீட்டாரிடம் வாங்கினார். அப்புறம் மாப்பிள்ளை வீட்டாரிடம் போய், "அந்த வீட்டுல மனசாரக் குடுத்தாகய்யா" என்று மட்டும் சொன்னார். முரளிதரன் மறுபடி பர்ஸைத் திறந்தார். அதைக் கேட்டுவிட்ட சீதாராமன் மறுபடி கூப்பிட்டு இன்னும் கொஞ்சம் கொடுத்தார். மாப்பிள்ளை வீட்டுக்கு இளைத்தவர் என்று பெயர் வாங்க அவரால் முடியாதே. இப்படியே அம்மையப்பன் வண்டியைச் சுற்றி இங்கும் அங்குமாகச் சில முறை நடந்தார். நடையில் ஒரு பணிவு இருந்தது. பணிவுக்கான காரணமும் கையில் இருந்தது.

"போதுங்க" என்று அவரே கடைசியில் நிறுத்தினார். "யல்லா, ஏறுங்க. இருட்டப் போகுது."

திரும்பும் வழியில் மணல் மேடு எதுவும் குறுக்கே வரவில்லை. வண்டி தொட்டில் மாதிரி போயிற்று. வண்டிக்குள் ஒருவரும் தமிழ் பேசவில்லை. கல்யாண மண்டபத்துச் செலவு யாருடையது, சாப்பாட்டுச் செலவு யாருடையது என்ற பேச்சை இரண்டு சம்பந்திகளும் ஆங்கிலத்தில் நடத்தினார்கள். மோட்டாருக்கும் ஏசி குழாய்க்கும் போதுமான ஆங்கிலம் கல்யாணத்துக்குப் போதவில்லை. பந்தல் என்ற இடத்தில் இருவரும் ஒரே சமயத்தில் தடுமாறி நின்றார்கள்.

"கேனபி" என்றார் அம்மையப்பன், சாலையைப் பார்த்தபடியே. "அது பொண்ணு வீட்டுச் செலவுங்க."